ஆர்க்கிட் கலப்பினங்களின் பெயரைப் பெற்றோர்வழி அறிதல்

நீலகிரி, பழனி முதலிய மலைகளின் நிழல் மிகுந்த சோலைகளில் தரையில் வளரும் ஆர்க்கிட் செடிகளுள் கலாந்தே என்னும் பேரினத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றுள் ஒன்று ஊதா நிறப் பூக்களை உடையது. பழைய நூல்களில் கலாந்தே மசூகா எனவும், பிந்திய நூல்கள் பலவற்றில் கலாந்தே சில்வாட்டிகா எனவும் குறிக்கப்படுவது. மற்றொன்று வெண்ணிறப் பூக்களை உடையது; முன்பு கலாந்தே ஃபர்காட்டா எனப்பட்டு, இப்போது கலாந்தே டிரிப்ளிகாட்டா என வழங்குவது. உலகில் மனிதர் முயன்று உண்டாக்கிய ஆர்க்கிட் கலப்பினங்களுள் முதன்முதலில் பூத்தது இவ்விரண்டு சிற்றினங்களின் சேர்க்கையால் பிறந்ததே. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் வீச் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் பணிபுரிந்த ஜான் டோமினி என்னும் தோட்டக்காரர், ஜான் ஹாரிஸ் என்னும் அறுவை மருத்துவரின் யோசனையைக் கேட்டு இக்கலப்பைச் செய்தார். செடி 1856ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பூத்தது. தாவரவியல் அறிஞர் லிண்ட்லி 1858இல் அதற்குக் கலாந்தே டோமினியை எனப் பெயரிட்டார். இனித் தாவரவியலாருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. அன்று இருந்தது ஒரே ஒரு கலப்பினம். இன்று பதிவேட்டில் உள்ளவை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை.

இத்துணைப் பெயர்களுக்கிடையே ஒரு செடியின் சரியான பெயரைக் காண்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். தோட்டக்கலைக் களப்பணியாளருக்கும், பள்ளித் தோட்டத்தைப் பேணும் ஆசிரியருக்கும், வனச் சோதனைச் சாவடியில் செடிப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவருக்கும் இது பயன்படும். முறை கடினமானதன்று. அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளாமையே குழப்பத்திற்குக் காரணம்.

பெயர் எதற்கு உரியது?

மா, நெல் முதலிய பயிர்களில் ஒரு ரகத்தின் பெயர் குறிப்பிட்ட குணங்களை உடைய செடிகளுக்கு உரியது. ஆர்க்கிட் கலப்பினத்தின் பெயர் அத்தகையதன்று. அது ஒரு பெற்றோர் இணைக்கு இடப்படும் பெயர். அந்த இணைக்குப் பிறந்த மக்கள் அனைவரும், பூவின் நிறமும் வடிவமும் எத்துணை வேறுபட்டாலும், அப்பெயரையே தாங்குவர். இத்தகைய தொகுதியைக் கிரெக்ஸ் என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மந்தை என்று பொருள். நம்மவர் பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தை இடுவது போன்றது இது எனலாம். ஆனால் ஆர்க்கிட்டில் தாய், தந்தை இருவரும் சேர்ந்தே அப்பெயரைத் தீர்மானிக்கின்றனர்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, அதே இணையை வேறொருவர், வேறொரு நாட்டில், நூறாண்டு கழித்து மீண்டும் கலந்தாலும் புதுப்பெயர் கிடைக்காது. பாஃபியோபெடிலம் இன்சிக்னே, பாஃபியோபெடிலம் ஸ்பைசெரியானம் ஆகிய இரண்டும் வடகிழக்கு இந்தியாவிற்கு உரியவை. இவற்றின் கலப்பு 1884ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பாஃபியோபெடிலம் லீயானம் எனப் பெயர் பெற்றுவிட்டது. இன்று ஷில்லாங்கில் ஒருவர் அவ்விரண்டையும் கலந்து நாற்று வளர்த்தாலும் அது லீயானமே. இரண்டாவது, தாய் எது, தந்தை எது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுவதில்லை. மூன்றாவது, ஒரு சிற்றினத்தின் வெண்ணிற வகையைப் பயன்படுத்தினாலும் செந்நிற வகையைப் பயன்படுத்தினாலும், சிற்றினம் ஒன்றேயாயின் பெயரும் ஒன்றே.

அப்படியானால் மக்களுக்குள் சிறந்த ஒரு செடியைத் தனித்துக் குறிப்பது எப்படி என்று கேட்கலாம். அதற்கெனக் கிரெக்ஸ் பெயருக்குப் பின் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு தனிப்பெயர் இடப்படும். அது அந்த ஒரு செடிக்கும், அதிலிருந்து பிரித்தோ திசு வளர்ப்பினாலோ பெருக்கிய செடிகளுக்கும் மட்டுமே உரியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பூ வியாபாரத்திற்காகப் பயிரிடப்படும் டென்ட்ரோபியம் சோனியாவைப் பலர் அறிவர். சோனியா என்பது டென்ட்ரோபியம் சீசர், டென்ட்ரோபியம் டோமி டிரேக் ஆகியவற்றின் மக்கள் அனைவருக்கும் பொதுவான பெயர். அதன் பின் வரும் 17, 28 முதலிய எண்களே தேர்ந்தெடுத்த தனிச்செடிகளைக் குறிப்பன. விவசாயிக்கு இன்றியமையாதது அந்த எண்தான். வெறும் சோனியா என்று எழுதி நாற்று விற்பவரிடம், எண் யாது என்று கேட்பதே முறை.

பதிவேட்டின் வரலாறு

கலப்பினங்கள் பெருகத் தொடங்கியதும், ஒரே பெயரைப் பல செடிகளுக்கும் பல பெயர்களை ஒரே கலப்புக்கும் இடும் வழக்கம் மிகுந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் பெரிய ஆர்க்கிட் பண்ணை நடத்திய ஃபிரெடரிக் சாண்டரின் நிறுவனம், 1906இல் கலப்பினங்களின் பெயர்களையும் பெற்றோரையும் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. வியாபார நிறுவனம் ஒன்று தன் வசதிக்காகத் தொடங்கிய ஏடு, நாளடைவில் உலகத்தார் அனைவரும் ஏற்றுக்கொண்ட பதிவேடாயிற்று என்பது வியப்புக்குரியது. 1961 முதல் அப்பணியைச் சர்வதேசப் பதிவாளர் என்ற முறையில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் நடத்தி வருகிறது. தற்போது அப்பதிவேட்டை இணையத்தின் வழியாக எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரைக் கொடுத்துப் பெற்றோரையும், பெற்றோரைக் கொடுத்துப் பெயரையும் அதில் தேட இயலும். பின்னதே நாம் இங்குக் கவனிப்பது.

சந்தாபுராவில் ஒரு தொட்டி

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ளது சந்தாபுரா. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள இப்பீடபூமியில் கோடை கடுமையன்று. ஆதலின் நிழல்வலையின் கீழ் வாண்டா, டென்ட்ரோபியம் முதலியவற்றை வீட்டிலேயே வளர்க்கலாம். அவ்வூர் ஆசிரியர் ஒருவர் செடிக்கடை ஒன்றில் நீலப் பூவுடைய வாண்டா ஒன்றை வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். அதில் கட்டியுள்ள சீட்டில் பெயர் இல்லை. பெற்றோர் மட்டும் ரோமன் எழுத்தில் பின்வருமாறு எழுதப்பட்டுள்ளனர்:

((வாண்டா புக்கெலே × அஸ்கோசென்ட்ரம் கர்விஃபோலியம்) × (வாண்டா சாண்டரியானா × வாண்டா செருலியா)) × வாண்டா செருலியா

பெருக்கல் குறிக்கு முன் உள்ளது விதை தாங்கிய தாய். பின் உள்ளது மகரந்தம் அளித்த தந்தை. ரோமன் எழுத்தில் எழுதும்போது சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். கலப்பினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். இச்சிறு வேறுபாட்டைக் கவனித்தாலே, புக்கெலே என்பது காட்டில் விளைந்த சிற்றினமன்று, கலப்பினமே என்பது தெரிந்துவிடும். சீட்டு எழுதுவோர் பலர் இதை மதிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கணக்கில் அடைப்புக்குறிகளை உள்ளிருந்து வெளியே நீக்குவது போலவே இங்கும் செய்ய வேண்டும். முதலில் புக்கெலே, கர்விஃபோலியம் ஆகிய இரண்டையும் பதிவேட்டில் தேடினால் யிப் சம் வா என்ற பெயர் கிடைக்கும். இது 1965இல் பதிவானது. அடுத்துச் சாண்டரியானா, செருலியா ஆகியவற்றைத் தேடினால் 1931இல் பதிவான ராத்சைல்டியானா கிடைக்கும். இனி யிப் சம் வா, ராத்சைல்டியானா என்னும் இரண்டையும் பெற்றோராகக் கொண்டு தேட வேண்டும்; விடை ராயல் சஃபையர். இறுதியாக ராயல் சஃபையருடன் செருலியாவைச் சேர்த்துத் தேடினால் பிரின்சஸ் மிக்காசா என்னும் பெயர் வெளிப்படும். ஆசிரியர் வாங்கிய செடி வாண்டா பிரின்சஸ் மிக்காசா. நான்கு தேடல்களில் நான்கு தலைமுறை வரலாறு தெரிந்துவிட்டது. ஒரே தேடலில் பெயரைக் கண்டுவிட முயல்பவர் ஏமாற்றமடைவர். ஏனெனில் பதிவேடு நேர் பெற்றோரை மட்டுமே அறியும், பாட்டன் பாட்டியரை அன்று.

இவ்வரலாற்றால் என்ன பயன்? நீல வாண்டா எனப்படும் செருலியா, காசி மலைகளில் 1837இல் கிரிஃபித் சேகரித்த செடி, குளிர்ச்சியை விரும்புவது. பிரின்சஸ் மிக்காசாவில் ஒரு பெற்றோர் முழுவதும் செருலியா; அதனால் பாதி. மற்றொரு பெற்றோராகிய ராயல் சஃபையரில், ராத்சைல்டியானா வழியாக நான்கில் ஒரு பங்கு. அது பேரப்பிள்ளைக்கு வரும்போது எட்டில் ஒரு பங்கு. புக்கெலே வழியாக வரக்கூடியதை ஒதுக்கிவைத்தாலும், சராசரிக் கணக்கில் எட்டில் ஐந்து பங்கு செருலியாவே. சென்னையின் கடற்கரை வெப்பத்தைவிடப் பெங்களூர் மேட்டு நிலம் இச்செடிக்கு ஏற்றது என்று ஊகிக்க இக்கணக்கே போதுமானது. வளர்ப்புக் குறிப்பு எதுவும் இல்லாத செடிக்கு அதன் பெற்றோரே குறிப்பு.

இன்னொன்றும் இங்குக் கூறத் தகும். பிரின்சஸ் மிக்காசாவில் நீலப் பூவுடையதும் இளஞ்சிவப்புப் பூவுடையதும் வெண்பூவுடையதும் விற்பனைக்கு வருகின்றன. வெண்பூச் செடிக்கு வேறு பெயர் இருக்க வேண்டும் என்று மாணவர்கள் வாதிடுவர். கிரெக்ஸ் என்பதன் பொருளைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த வாய்ப்பு வேண்டுவதில்லை.

தேடல் தவறும் இடங்கள்

பெற்றோரைச் சரியாகக் கொடுத்தும் விடை வாராமைக்கு மிகப் பெருங்காரணம் பேரினப் பெயர்களின் மாற்றம். மேற்கண்ட சீட்டிலேயே அதைக் காணலாம். அஸ்கோசென்ட்ரத்தையும் வாண்டாவையும் கலந்து பெற்றவை முன்பு அஸ்கோசெண்டா என்னும் தனிப்பெயரில் பதிவாயின. பின்னர், மரபணுச் சான்றுகளைக் கொண்டு அஸ்கோசென்ட்ரம் வாண்டாவிலேயே அடங்கும் எனத் தாவரவியலார் முடிவு செய்தமையால், அஸ்கோசென்ட்ரம் கர்விஃபோலியம் வாண்டா கர்விஃபோலியா ஆயிற்று. அஸ்கோசெண்டா யிப் சம் வாவும் வாண்டா யிப் சம் வா ஆயிற்று. பழைய சீட்டில் அஸ்கோசெண்டா என்றிருப்பின் அது பிழையன்று. எழுதிய காலத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. இதே போன்று டோரிட்டிஸ் என்னும் பேரினம் ஃபெலனாப்சிஸில் அடங்கியதால் டோரிட்டெனாப்சிஸ் என்ற பெயரும் வழக்கொழிந்தது. நல்வினையாக, இத்தகைய மாற்றங்களில் பேரினப் பெயர் மட்டுமே மாறுகிறது. கிரெக்ஸ் பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஆகையால் பேரினத்தை ஒதுக்கிவைத்துக் கிரெக்ஸ் பெயரை மட்டும் கொண்டு பெற்றோரைத் தேடிப் பார்ப்பது, வழி அடைபட்டபோது கைகொடுக்கும்.

சிற்றினப் பெயரும் மாறுவதுண்டு. தக்காணத்து வறண்ட காடுகளின் மரங்களில் தொற்றி வளரும் நம் நாட்டு வாண்டாவைப் பழைய நூல்கள் வாண்டா ராக்ஸ்பர்கி என்றன. இப்போது அது வாண்டா டெசலாட்டா. வாண்டா என்பதே மரத்தின் மேல் வளரும் செடியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து எடுத்த பெயர் என்பதை மாணவர்க்குச் சொல்லலாம்.

மகரந்தமும் விதையும் இடம் மாறிக் கிடப்பது மற்றொரு காரணம். இதற்குச் சிங்கப்பூரின் தேசிய மலரே சான்று. ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் தோன்றிய இக்கலப்பினத்தை, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி 1893இல் வாண்டா மிஸ் ஜோக்கிம் எனப் பெயரிட்டு வெளியிட்டார்; 1981இல் அது தேசிய மலராயிற்று. பென்சில் போன்ற உருண்ட இலைகளை உடைய இச்செடி, தென்னிந்திய வீட்டுத் தோட்டங்களிலும் காணப்படுகிறது. இதன் பெற்றோர் ஹூக்கரியானாவும் டெரெஸும். இவற்றுள் டெரெஸ் வடகிழக்கு இந்தியாவிலும் வளர்வது. நெடுங்காலமாக ஹூக்கரியானாவே தாய் என எழுதப்பட்டு வந்தது. தாய்வழியாக மட்டும் இறங்கும் பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு, தாய் டெரெஸே எனக் காட்டியது. நூறாண்டுப் பதிவின் வரிசை தலைகீழாயிற்று. எனினும் பெயர் மாறவில்லை. இணை ஒன்றாயின் பெயரும் ஒன்று என்னும் விதியின் பயன் அது. பின்னர் டெரெஸும் ஹூக்கரியானாவும் வாண்டாவை விட்டுப் பாபிலியோனாந்தே என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டன. ஆதலின் இன்று அது பாபிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம். தேடுபவர் ஒருமுறை தாய் தந்தையரை இடம் மாற்றியும் பார்ப்பது நலம்.

இவையன்றி எழுத்துப்பிழையும் உண்டு. அது பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் எழுத்து தவறினும் பதிவேடு மௌனம் சாதிக்கும். எல்லாம் சரியாயிருந்தும் விடை இல்லையெனில், அக்கலப்பு இன்னும் பதிவாகவில்லை என்று கொள்ளலாம். அத்தகைய செடியின் சீட்டில் பெற்றோரை மட்டும் எழுதி நிறுத்த வேண்டும். விற்பவர் தம் விருப்பப்படி சூட்டிய பெயரைக் கலப்பினப் பெயர் போல் எழுதலாகாது.

பெற்றோர் தெரியாத செடி

பெற்றோரிலிருந்து பெயரைக் காணலாம்; பெயரிலிருந்து பெற்றோரைக் காணலாம். இரண்டும் தொலைந்த செடிக்குப் பூவைப் பார்த்துப் பெயர் சொல்ல எவராலும் இயலாது. சோனியாவைப் போன்ற பூவுடைய கலப்பினங்கள் எத்தனையோ உண்டு. படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் எழுதும் பழக்கம் ஆசிரியர்களிடமும் காணப்படுகிறது. அதைக் கைவிடுவதே நன்று. பெயர் அறியாச் செடியைப் பெயர் அறியாதது என்றே எழுதுவது விஞ்ஞானத்திற்கு ஒவ்வாததன்று.

இழப்பு பெயரோடு நிற்பதில்லை. பெற்றோர் அறியாத செடியை எவ்வளவு சிறப்பாக வளர்த்தாலும், அதைக் கொண்டு செய்த கலப்பு எதையும் பதிவு செய்ய முடியாது. ஓர் ஆர்க்கிட் காயில் ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கு வரை விதைகள் இருக்கும். அவை தூசி போன்றவை, உணவுச் சேமிப்பு அற்றவை. 1922இல் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் அவற்றை முளைக்க வைக்கும் முறையைக் கண்ட பிறகே பெருமளவில் நாற்று வளர்ப்பது எளிதாயிற்று. அப்படியும் மகரந்தச் சேர்க்கையிலிருந்து முதற்பூ வரை சில ஆண்டுகள் செல்லும். அவ்வளவு ஆண்டுகளும் ஒரு சிறு சீட்டு அழியாமல் இருந்தாக வேண்டும். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நீடிக்கும். தொட்டியில் ஒரு சீட்டும், அதே எண்ணுடன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவும் இருக்க வேண்டும். தாய், தந்தை, சேர்க்கை செய்த தேதி, காய் பறித்த தேதி ஆகிய நான்கு மட்டும் எழுதினால் போதும். பூத்த பின், அக்கலப்பைச் செய்தவரோ அவர் இசைவு பெற்றவரோ, மூன்று சொற்களுக்கு மேற்படாத பெயரொன்றைத் தேர்ந்து பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாம். இப்பதிவு பெயரை நிலைநாட்டுவதே அன்றிச் செடியின் மேல் உரிமை எதையும் அளிப்பதில்லை. உரிமை வேண்டுவோர் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமை ஆணையத்தைத் தனியே நாட வேண்டும்.

வனத்துறைக் களப்பணியாளருக்கு இவ்விஷயம் வேறு வகையில் முக்கியமானது. பாஃபியோபெடிலம் பேரினத்தின் தென்னிந்தியப் பிரதிநிதி ஒன்றே ஒன்று: அகத்திய மலைப் பகுதியில் மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் துரூரி. 1865இல் கர்னல் துரூரி கண்டெடுத்த அது, சேகரிப்போரின் பேராசையால் இயற்கையில் அழியும் நிலையை எய்தியது. இப்பேரினத்துச் செடிகளும் நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவையும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தத்தால் பாதுகாப்புக்குரிய தாவரங்களாயின. காட்டிலிருந்து பெயர்த்த செடியைப் பண்ணைக் கலப்பினம் என்று சொல்லி எடுத்துச் செல்ல முயல்வோர் உண்டு. அப்போது கலப்பினத்தின் பெயரையும் பெற்றோரையும் கேட்டு, இரண்டும் பதிவேட்டில் ஒத்துவருகின்றனவா எனப் பார்ப்பது சில நிமிட வேலை. லீயானம் என்று சீட்டு கட்டிய செடியின் பெற்றோராகத் துரூரியும் வேறொன்றும் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சீட்டு பொய். ஒத்துவந்த மாத்திரத்தில் செடி மெய்யானது என்று முடிவு செய்யவும் இயலாது; சரியான சீட்டைத் தவறான செடியிலும் கட்டலாம். ஐயம் நீங்காதபோது செடியைப் பூக்கும் வரை வைத்திருந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உதவியை நாட வேண்டும். 1963இல் அவ்வாய்வகம் ஏற்காட்டில் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் தென்னிந்தியச் சிற்றினங்கள் பல வளர்க்கப்படுகின்றன. ஒரு செடியைக் கலப்பினம் என்று கூறுமுன், அதன் பெற்றோர் எனப்படும் சிற்றினங்களின் உயிருள்ள செடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பை அத்தகைய தோட்டமே அளிக்க வல்லது.